சாயவேரும் கஷாயமும்

(விழா அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



கஷாயம் என்னும் சொல் தமிழ்ச் சமணர் இல்லங்களில் இருவகையாக வழங்குகிறது. இருமல் கண்ட குழந்தைக்குப் பாட்டி காய்ச்சிக் கொடுப்பது ஒன்று. குரோதம், மானம், மாயை, உலோபம் எனச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்யப்பெறும் நான்கு மற்றொன்று. மருந்துக்கும் மனமாசுக்கும் ஒரே பெயர் எவ்வாறு அமைந்தது என்று குழந்தைகள் கேட்பதுண்டு. அதற்குரிய விடை மருந்துக் கடையில் இல்லை. சாயக்காரரின் தொட்டியில் இருக்கிறது. கடுக்காய், ஆலம்பட்டை போன்ற துவர்ப்புப் பொருள்களைக் காய்ச்சி இறக்கிய நீரும் கஷாயமே. அதில் தோய்ந்த துணியையே சாயம் உறுதியாகப் பற்றுகிறது. இந்த மூன்றாவது பொருள் விளங்கினால் மனமாசுக்கு அப்பெயர் வந்த காரணமும் விளங்கும். அதனை அறிவதற்கு எளிய வழி, வீட்டிலேயே ஒருமுறை வெள்ளைத் துணிக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதாகும். இவ்வுரை அக்கைத்தொழிலைப் பற்றியது. அதன் களம் தூத்துக்குடிக் கடற்கரை.

கரிசலும் மணலும்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் சங்கும் உப்பளமும் துறைமுகமும் நினைவுக்கு வருகின்றன. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத்துறை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். முத்தையும் சங்கையும் போலவே தென்பாண்டி நாட்டுக் கைத்தறித் துணியும் அவர்களுடைய முதன்மையான சரக்காக இருந்தது. பிற்காலத்தில் அதே துறையிலிருந்து கரிசல் நிலத்துப் பருத்தி கப்பலேறியது. கருங்கண்ணி என்பது அப்பருத்தியின் பெயர்.

அந்தக் கரிசல் நிலத்தின் நடுவேதான், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே, கழுகுமலை இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்குப் பாறை முகத்தில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியார் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. பருத்தி விளையும் அம்மண் சமணத்திற்கு அயல்மண் அன்று.

துணி கரிசலில் விளைந்தது. அத்துணிக்கு வேண்டிய செம்மை கடற்கரை மணலில் விளைந்தது. அதன் பெயர் சாயவேர். சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என்பர். மணலில் படர்ந்து, சின்னஞ்சிறு வெண்பூப் பூக்கும் எளிய செடி இது. மிதித்துச் செல்வோர் திரும்பிப் பாரார். ஆனால் மணலுக்குள் ஆழமாக இறங்கும் அதன் மெல்லிய வேரின் பட்டையில் அலிசரின் என்னும் சாயப்பொருள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இருகரையிலும், வடக்கே சோழமண்டலக் கரை நெடுகவும் இச்செடி வளர்ந்தது. பழைய ஆங்கில வணிகக் குறிப்புகளில் இதற்கு 'இராமேசுவரம் வேர்' என்றும் ஒரு பெயர் உண்டு. இலங்கையின் வடகரையில் சாயவேர் தோண்டும் உரிமையை முதலில் டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் அரசின் கையிலேயே வைத்திருந்தனர். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ 1795இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவர நூலின் முதற்பகுதியிலேயே இச்செடியை வண்ணப்படத்துடன் சேர்த்தார். வேரொன்றுக்கு இத்தனை மதிப்பு இருந்தது.

ஏன் ஒட்டுகிறது?

சாயவேர்ப் பொடியை நீரிலிட்டு அதில் வெறும் வெள்ளைத் துணியை முக்கினால், எதிர்பார்த்த சிவப்பு வருவதில்லை. மங்கிய பழுப்பே வரும். அதிலும் பெரும்பகுதி அலசும்போது நீங்கிவிடும். பருத்தி இழைக்கும் அந்தச் சாயத்திற்கும் நேரடியான உறவு இல்லை. உறவை ஏற்படுத்துவது இடையில் வரும் ஒரு பொருள். தமிழில் அதனை நிறமூன்றி என்பர்.

பழைய சாயக்காரர் முதலில் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்தனர். அதிலுள்ள துவர்ப்பு இழையைப் பற்றிக்கொள்கிறது. பிறகு படிகார நீரில் தோய்த்தனர். படிகாரத்திலுள்ள அலுமினியத்தைத் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் சாயவேர் நீரில் இட்டு மெல்ல மெல்லச் சூடேற்றினர். அலுமினியத்தை அலிசரின் பற்றிக்கொள்ள, துணி சிவக்கிறது. இச்சேர்க்கைக்குச் சுண்ணாம்புச் சத்தும் துணை செய்கிறது. 1742இல் பிரெஞ்சுப் பாதிரியார் கெர்தூ, தமிழகச் சாயக்காரரிடம் கேட்டறிந்த முறைகளைக் கடிதமாக ஐரோப்பாவுக்கு எழுதினார். நல்ல சாயத்திற்குக் கடுமையான நீர் வேண்டும் என்பதை அவர் அதில் வலியுறுத்தினார். சிப்பியும் சங்கும் பொடிந்து கலந்த கரைநிலத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்து மிக்கது. சோறு வேகத் தாமதமாகும் அதே நீரில் சிவப்பு நன்கு ஏறியது.

இனி ஆகமத்திற்கு வரலாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினையின் வருகை கூறப்படுகிறது. கஷாயம் உடைய உயிர்க்கு வருவது சாம்பராயிகம், பிறவியை நீட்டிப்பது. கஷாயம் அற்ற உயிர்க்கு வருவது ஈரியாபதம். வந்த வேகத்தில் நீங்குவது. இதற்கு உரை கண்ட பூஜ்யபாதர், சர்வார்த்தசித்தியில், சினம் முதலியவற்றிற்குக் கஷாயம் என்று ஏன் பெயர் வந்தது என்பதை விளக்குகிறார். ஆலம்பட்டை முதலியவற்றின் கஷாயம் எவ்வாறு ஒட்டுதலுக்குக் காரணமாகிறதோ, அவ்வாறே சினம் முதலியவை வினை உயிரோடு ஒட்டுவதற்குக் காரணமாகின்றன என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். நிறமூன்றியின் செயலை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. சாயத்தொட்டியைக் கண்டறியாதவர்க்கு இது வெறும் உவமை. ஒருமுறை கண்டவர்க்கு இது கண்முன் நிகழும் செயல்.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் மேலும் ஒருபடி செல்கிறார். உலோபத்தின் நான்கு தரங்களை அவர் நான்கு கறைகளோடு ஒப்பிடுகிறார். கிருமியிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் முதலாவது. துணி கிழிந்தாலும் நிறம் போகாது. வண்டிச் சக்கரத்தின் மை இரண்டாவது. உடலழுக்கு மூன்றாவது. மஞ்சள் நான்காவது, வெயில் பட்டாலே மங்கிவிடும். முதல்வகை உலோபம் நரகத்திற்கும், இரண்டாவது விலங்கு கதிக்கும், மூன்றாவது மானிடப் பிறவிக்கும், நான்காவது தேவ கதிக்கும் செலுத்தும் என்பர். எந்தச் சாயம் நிலைக்கும், எது நிலைக்காது என்பது சாயத்தொழிலின் அன்றாட அறிவு. அந்த அறிவை ஆகமம் தன்வயமாக்கிக் கொண்டது.

உயிரின் விலையில் வரும் சிவப்பு

முதல்வகை உலோபத்திற்குக் கிருமிச் சாயத்தை உவமையாக்கியது நினைக்கத்தக்கது. நிறம் நிலைப்பதோடு, அது உயிரைக் கொன்று பெறுவதாகவும் இருக்கிறது. ஆங்கிலத்தில் செந்நிறத்தைக் குறிக்கும் 'கிரிம்சன்' என்ற சொல்லும் கிருமி என்ற இதே வேரிலிருந்து பாரசீகம், அரபு வழியாகச் சென்றதுதான். அமெரிக்கக் கண்டத்தில் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்திச் சிவப்பு எடுத்தனர். அப்பூச்சி ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்து அத்தொழிலைத் தமிழ்நாட்டிலும் வேரூன்றச் செய்ய முயன்றார். அம்முயற்சி நிலைபெறவில்லை.

அரக்கும் பூச்சி தருவதே. சிராவகர் விலக்க வேண்டியனவாக ஆசார நூல்கள் எண்ணும் பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிகமும் ஒன்று. மத்தியதரைக் கடற்கரையில் ஒருவகைக் கடல்நத்தையிலிருந்து ஊதாச்சாயம் எடுத்து அரசர்க்கு ஆடை செய்தனர். 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லாண்டர் அதனை ஆராய்வதற்காக 12,000 நத்தைகளைச் செலவிட்டார். கிடைத்த சாயம் 1.4 கிராம். முத்தும் அத்தகையதே. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டே முத்தெடுத்தனர். 1961ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிக் கரையில் முறையான முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கடலடியில் சிப்பி குறைந்ததே அதற்குக் காரணம். மனிதர் இரங்கியதால் அன்று.

ஆலைச்சாயம் வந்தபின் இக்கொலை குறைந்தது உண்மை. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து முதற்செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மனியில் கிரேபெ, லீபெர்மன் இருவரும் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். மணலைத் தோண்டி எடுத்த சிவப்பு ஆலையில் மலிவாகக் கிடைத்தது. சாயவேர்த் தொழில் மங்கியது. எனினும் ஆலைச்சாயமும் அகிம்சையின் சாயம் என்று அமைதி கொள்வதற்கில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்ததை நாடறியும். பாசனத்திற்காக 1992இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. ஆற்றில் வாழ்ந்த உயிர்களும், அந்நீரை நம்பிய உழவர்களும், பின்னர் வேலையிழந்த தொழிலாளரும் அந்த நிறத்தின் விலையைக் கொடுத்தனர்.

வேரா, உதிர்ந்ததா?

அப்படியானால் சாயவேருக்கே திரும்புவதுதான் வழியா? இங்கே சமணக் குடும்பம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. பூச்சியும் நத்தையும் சாகவில்லை என்பதால் வேர்ச்சாயம் குற்றமற்றதாகிவிடாது. வேரை எடுக்கச் செடியை அடியோடு பிடுங்க வேண்டும். மணலைக் கிளற வேண்டும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும். கிழங்கையும் வேரையும் உணவில் விலக்கும் இல்லம், உடைக்காக அதையே செய்வது எங்ஙனம் பொருந்தும்?

இலேசியைகளை விளக்கும் நாவல்மரக் கதை அவையோர் அறிந்ததே. பசித்த அறுவர் பழுத்த நாவல்மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்கலாம் என்றான். ஒருவன் அடிமரத்தை வெட்டலாம் என்றான். ஒருவன் பெருங்கிளை போதும் என்றான். ஒருவன் சிறுகொம்பு போதும் என்றான். ஒருவன் பழத்தை மட்டும் பறிக்கலாம் என்றான். ஆறாமவன், கீழே உதிர்ந்து கிடப்பதே பசிக்குப் போதுமே என்றான். கிருஷ்ணம், நீலம், காபோதம், பீதம், பத்மம், சுக்கிலம் என அறுவர் மனத்திற்கும் ஆறு நிறம். வேரைப் பறிக்க எண்ணியவன் நிறம் கருமை. உதிர்ந்ததை எடுத்தவன் நிறம் வெண்மை.

சாயமேற்றக் கற்பவர்க்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டியதில்லை. சாயவேரின் வரலாற்றை அறிவது நன்று. ஆனால் வீட்டில் பழகுவதற்கு வேர் வேண்டாம். உண்டபின் எறியும் மாதுளைத் தோல், பூஜை முடிந்து களையப்பெறும் கேந்திப்பூ, மரத்தில் முதிர்ந்த கடுக்காய் ஆகியவையே போதும். இவற்றால் மாதுளைத் தோலின் பொன்மஞ்சளும், பூவின் இளமஞ்சளும், அன்னபேதி சேர்த்தால் பாசிநிறமும் சாம்பலும் கிடைக்கும். சிவப்பு கிடைக்காது. சிவப்பில்லாமல் இருக்கப் பழகுவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

சிறிய வீட்டில் சாயத்தொழில்

இடமில்லை என்பது பலரும் கூறும் தடை. துறைமுக நகரின் மாடிக் குடியிருப்பில் ஓர் அடுப்பும், இரண்டு கொடிக்கயிறு கட்டும் அளவு மாடமும் இருந்தால் போதும். பெரிய தொட்டிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தொடங்குவோர் 100 கிராம் எடையுள்ள துணியைத் தாண்டாதிருத்தல் நலம். ஒரு கைத்தறித் துண்டு ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். புதிதாக வாங்குவதினும், வீட்டில் பழுப்பேறிக் கிடக்கும் பழைய பருத்தித் துணியே சிறந்தது. பட்டு வேண்டாம், காரணம் அவையோர் அறிவர்.

ஐந்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர்ப் பாத்திரங்கள் இரண்டு, மரக்கோல் ஒன்று, வடிதுணி, சிறிய தராசு, கையுறை. இவை சாயத்திற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். மீண்டும் சமையலுக்கு எடுத்தல் கூடாது. கடுக்காயும் படிகாரமும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடியை அள்ளும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். இவை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் வேலை கஞ்சி நீக்கல். துணியில் நெசவுக்கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். நான்கு லிட்டர் நீரில் ஐந்து கிராம் சலவைச்சோடா இட்டுத் துணியை ஒருமணி நேரம் கொதிக்கவிட்டு அலச வேண்டும். தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படியைச் சுருக்குவதால் வருபவை. துணியில் ஒரு துளி நீரை விட்டால் அது உடனே உள்ளிறங்க வேண்டும். உருண்டு நின்றால் துணி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

இரண்டாவது கடுக்காய். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராமை இரண்டு மூன்று லிட்டர் வெந்நீரில் கலக்கி, வடிகட்டி, துணியை ஊறவைக்க வேண்டும். இரவு முழுதும் ஊறவிடுவதே தொழிலில் உள்ள வழக்கம். இரவில் திறந்த நீரில் பூச்சி விழும். ஊறிய நீரில் நுண்ணுயிர் பெருகும். ஆதலால் காலையில் தொடங்கி, பாத்திரத்தை மூடி, ஆறுமணி நேரத்தில் எடுத்துவிடலாம். அவ்வளவே போதும். துணியைப் பிழிந்து, அலசாமல் உலர்த்த வேண்டும். அது இளம்பழுப்பாக மாறியிருக்கும்.

மூன்றாவது படிகாரம். 20 கிராம் படிகாரத்தை முதலில் வெந்நீரில் முழுதும் கரைத்து, பிறகு நீர் சேர்த்து, துணியை அதில் இட்டு, அரைநாள் அடிக்கடி புரட்டிவிட வேண்டும். மடிப்பு ஒரே இடத்தில் நின்றால் அந்த மடிப்பே பிறகு கோடாகத் தெரியும். பின் பிழிந்து நிழலில் உலர்த்தி, சாயமிடுமுன் ஒருமுறை மெல்ல அலசிக்கொள்ள வேண்டும்.

நான்காவது சாயம். உலர்ந்த மாதுளைத் தோல் துணியின் எடைக்கு எடை, அதாவது 100 கிராம், நொறுக்கி ஒருமணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். கேந்திப்பூவாயின் இதழ்களைத் தட்டில் பரப்பி, சிற்றுயிர் ஏதும் இல்லை எனக் கண்டு, அவை தாமே விலகிச் செல்ல நேரம் கொடுத்தபிறகே எடுக்க வேண்டும். வடித்த சாயநீரில் நனைந்த துணியை இட்டு, கொதி வராமல் சிறுதீயில் முக்கால் மணி நேரம் புரட்டி, அதே நீரில் ஆறவிட வேண்டும். சூட்டை மெல்ல ஏற்றுவதே நிறம் சீராக அமைவதற்கு வழி. நிறம் ஆழ வேண்டுமாயின் இரண்டு கிராம் அன்னபேதியைத் தனிநீரில் கரைத்து, சாயமேறிய துணியை அதில் சில நிமிடம் தோய்த்தால் மஞ்சள் பாசிநிறமாகும். அளவு கூடினால் நாளடைவில் நூல் இற்றுவிடும்.

நீரைப் பற்றி இரண்டு செய்திகள். தூத்துக்குடியின் ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுதி. இரும்புக்கறை படியும் நீராயின் மஞ்சள் நிறம் மங்கிவிடும். ஆற்றுநீரை இருமடித் துணியில் வடிகட்டிக் கொள்வதே நலம். அது அறத்திற்கும் பொருந்தும், சாயத்திற்கும் பொருந்தும். அடுத்தது, அந்நகரில் குடிநீர் அருமை. கஞ்சி நீக்கிய நீரையும் கடைசி அலசல் நீரையும் தரை கழுவப் பயன்படுத்தலாம். படிகார நீரை மூடிவைத்து அடுத்த துணிக்கு எடுக்கலாம். மாதுளைச் சக்கையை உலர்த்தித் தொட்டிச் செடிக்கு இடலாம். எத்தனை குடம் நீர் செலவாயிற்று என்று ஏட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். நீரும் மண்ணும் படிகாரமும் ஓரறிவுயிரின் உடல்கள் என்று கற்ற குடும்பத்தில், அந்த ஏடு வெறும் கணக்கேடு ஆகாது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதனைத் தவிர்த்தல் வேண்டும். துணி உலராது; ஈரத்தில் உயிர்களும் மிகுதி. பகலொளியில் தொடங்கி, விளக்கேற்றுமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்ற அவசரமே இத்தொழிலின் முதற்பகை. ஒருநாள் கடுக்காய், ஒருநாள் படிகாரம், ஒருநாள் சாயம் என்று பகுத்துக்கொண்டால் சிறிய வீட்டிலும் இடநெருக்கடி தோன்றாது.

குழந்தைகளுக்கான சோதனை

சமய வகுப்பு நடத்துவோர் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டலாம். கஞ்சி நீக்கிய வெள்ளைத் துணியில் விரலகலமுள்ள மூன்று துண்டுகள் வேண்டும். முதல் துண்டைக் கடுக்காயிலும் படிகாரத்திலும் தோய்த்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டாவதை வெறும் வெள்ளையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கேந்திப்பூச் சாயத்தில், ஒரே நேரம், ஒரே சூட்டில் இட வேண்டும். மூன்றாவதை மஞ்சள்தூள் கரைத்த நீரில் தோய்த்தெடுக்க வேண்டும்.

பிறகு மூன்றையும் அலசினால், கஷாயம் ஏற்ற துண்டு தன் நிறத்தை விடாது. வெறும் துண்டிலிருந்து பெரும்பகுதி நீரோடு போய்விடும். இரண்டும் ஒரே தொட்டியில் கிடந்தவை. வந்த சாயமும் ஒன்றே. வேறுபாடு சாயத்தில் இல்லை, துணி முன்னரே ஏற்றிருந்ததில் இருக்கிறது. சாம்பராயிகமும் ஈரியாபதமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று பலமுறை கூறியும் விளங்காத சிறுவனுக்கு, இந்த இரண்டு துண்டுகள் விளக்கிவிடும். உலகம் எல்லார் மேலும் ஒரே நிறத்தைத்தான் ஊற்றுகிறது. சினத்திலும் செருக்கிலும் ஊறியவனிடம் அது தங்குகிறது. ஊறாதவனிடம் தங்காமல் செல்கிறது.

மூன்றாவது துண்டின் பாதியை அட்டையால் மூடிச் சாளரத்தில் வெயில்படும்படி வைக்க வேண்டும். சில நாள்களில் மூடாத பாதி வெளிறிவிடும். கோம்மடசாரம் கூறிய மஞ்சள் அதுதான். பற்று முற்றும் அறவில்லை. ஆனால் வெயில் பட்டால் நீங்கும் அளவுக்கு இளகிவிட்டது. இல்லறத்தார் ஒரே நாளில் வெண்மையாக முடியாது. தம் உலோபத்தைக் கிருமிச் சிவப்பிலிருந்து சக்கர மைக்கும், அதிலிருந்து உடலழுக்கிற்கும், அதிலிருந்து மஞ்சளுக்கும் இறக்கிக்கொண்டு வரலாம் என்ற ஆறுதலை அந்த ஒப்புமை தருகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. துணிக்கு வேண்டுவது ஒட்டுதல். உயிருக்கு வேண்டுவது ஒட்டாமை. கைத்தொழிலில் தேர்ந்தவர் நிறத்தை நிலைக்கச் செய்கிறார். அறத்தில் தேர்ந்தவர் நிறத்தை நீங்கச் செய்கிறார். ஆயினும் ஒட்டுவது எவ்வாறு என்பதைக் கையால் அறிந்தவரே, எதை நீக்கினால் ஒட்டாது என்பதையும் அறிவார்.

கடைசியாக, அளவு. சாயமேற்றும் கை வந்தவுடன் வீட்டிலுள்ள துணியெல்லாம் நிறம் மாற வேண்டும் என்ற ஆசை எழும். பழகுவோர் அனைவர்க்கும் இது நேர்வதுண்டு. ஆண்டுக்கு நான்கு துணி, அதுவும் பழந்துணி, அதுவும் உதிர்ந்ததாலும் எறிவதாலும் கிடைத்த நிறத்தில் என்று ஒரு வரையறை செய்துகொண்டால், அதுவே பரிக்கிரக பரிமாணம் என்னும் விரதத்தின் சிறு பயிற்சியாகும். மிச்சமுள்ள துணிகள் வெள்ளையாகவே இருக்கட்டும். கழுகுமலைப் பாறையில் வீற்றிருக்கும் அருகர் திருவுருவங்களுக்கு ஆடையும் இல்லை, சாயமும் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டு வெயிலிலும் மழையிலும் அவற்றின் அமைதி வெளிறவில்லை.

ஜெய ஜினேந்திரா.